அட்டையில் எழுதிய புதுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு சேவைகளில் புதுமையை ஊக்குவிக்க வேண்டும் என்னும் தங்கள் தலையங்கம் கண்டேன். புதுமை என்றதும் புதிய செயலி, புதிய இணையதளம் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் சிறப்பு, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நோயாளியின் வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், தந்தையின் பெயரிலிருந்த மஞ்சள் காட்டுக்குப் பட்டா மாறுதல் கோரி நான் அலைந்தபோது, ஓர் அலுவலகத்தின் இளநிலை ஊழியர், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம் எனத் தேவையான ஆவணங்களைப் பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் கொட்டை எழுத்தில் எழுதிச் சன்னலில் கட்டியிருந்தார். இணையவழி விண்ணப்பத்தால் தீராத என் குழப்பம் அந்த அட்டையால் தீர்ந்தது. அவர் மாறுதலாகிச் சென்றதும் அட்டையும் போயிற்று (சணல் கயிறு மட்டும் இன்னும் தொங்குகிறது).

கடைநிலை ஊழியர் கண்டறியும் இத்தகைய எளிய வழிகளை மாவட்ட நிர்வாகம் மாதந்தோறும் கேட்டுப் பெற்று, ஓரிரு வட்டங்களில் சோதித்து, பயன் தருபவற்றை எழுத்துப்பூர்வமான ஆணையாக்கி எல்லா அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்தலாம்; அந்த ஆணையில் யோசனை சொன்ன ஊழியரின் பெயர் இடம்பெறவும், அவரது பணிப்பதிவேட்டில் அது பதிவாகவும் வழிசெய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
ஈரோடு மாவட்டம்.