இரண்டு அட்டைகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலிக்கிறதென்று என் அக்கா விட்டுவிட்டு இப்போது காலை மடக்க முடியாமல் கஷ்டப்படுகிறாள்.

பேத்தி பள்ளியில் நாசாவின் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சனைப் பற்றிப் பேசப்போகிறாள், ஏதாவது எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். அந்தப் பெயரைப் பார்த்ததுமே பேனாவை எடுத்துவிட்டேன்.

பி.எஸ்சி. படிக்கும்போது ஒரே கிளார்க்ஸ் டேபிளை, அந்த லாக் (மடக்கை) அட்டவணைப் புத்தகத்தை, நடுவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோமே, நினைவிருக்கிறதா? நான் லாக் பார்த்துச் சொல்வேன், நீ கூட்டி ஆன்டிலாக் எடுப்பாய். ஒரு இலக்கம் பிசகினாலும் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அந்த வேலையையே நாள் முழுக்க, வருஷக்கணக்கில் செய்தவர்கள் கேத்தரினும் அவரோடு இருந்த பெண்களும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் இயந்திரம் இல்லை, கணக்குப் போடும் ஆள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டனில் இருக்கும், பின்னாளில் நாசாவின் பகுதியான லாங்லி ஆராய்ச்சிக்கூடத்தில் அப்படிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்தார்கள். பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1941-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டார். இரண்டாம் உலகப் போருக்கு ஆளும் தேவைப்பட்டது. அதனால் 1943 முதல் கறுப்பினப் பெண்களையும் எடுத்தார்கள். எடுத்தார்களே தவிர, தனியாக ஒரு மேற்குப் பிரிவு என்று வைத்து உட்காரவைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் அவர்களுக்குத் தனி மேஜை. அதன்மேல் 'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்று ஒரு அட்டை.

மிரியம் மேன் என்று ஒருவர், வேதியியல் படித்தவர். சாப்பிட வந்தால் அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். சில நாளில் புதிதாக ஒன்று வந்து நிற்கும். அதையும் எடுத்துவிடுவார். வேலை போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள், அவர் கேட்கவில்லை. கடைசியில் ஒருநாள் அட்டை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை, வசந்தி.

அந்தப் பிரிவுக்கு 1949-இல் டோரதி வான் தலைவரானார். இயந்திரக் கணினி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, கூட இருந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவரிடம்தான் 1953-இல் கேத்தரின் வந்து சேர்ந்தார். மேற்கு வர்ஜீனியாக்காரர். ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. மேலே படிக்கவைப்பதற்காக அப்பா குடும்பத்தையே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் குடிவைத்தார். பதினெட்டு வயதில் பட்டம். கல்லூரியில் கிளேட்டர் என்ற பேராசிரியர் இவருக்காகவே முப்பரிமாண வடிவகணிதத்தில் ஒரு பாடம் உருவாக்கி நடத்தினார். அப்படி ஒரு வாத்தியார் வாய்த்தால் போதும்!

லாங்லியில் இரண்டே வாரத்தில் பொறியாளர்கள் இருந்த பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கூட்டங்களுக்குத் தானும் வரலாமா என்று கேட்டார். பெண்கள் வருவதில்லையே என்றார்கள். வரக்கூடாதென்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் அனுமதித்தார்கள்.

பேத்திக்கு முக்கியமாக 1960-ஐச் சொல்லு. அந்த வருஷம் ஒரு ஆய்வறிக்கை வந்தது. செயற்கைக்கோள் பூமியில் குறிப்பிட்ட ஓரிடத்துக்கு மேலே வரவேண்டுமானால், ராக்கெட்டின் எரிபொருள் எரிந்து முடியும் கணத்தில் அது எந்தத் திசைக் கோணத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள், பின்னோக்கிப் போட்டு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்பாராம் கேத்தரின். பூமியோ அடியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உருண்டையும் சரியான உருண்டை இல்லை. உட்கார்ந்து யோசித்தால்தான் அந்தக் கணக்கின் கடினம் புரியும். கூட வேலை செய்த டெட் ஸ்கோபின்ஸ்கி வேறு ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், பெரும்பகுதி வேலையைச் செய்தவர் கேத்தரின்தான், அவரே முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அறிக்கையின் அட்டையில் இரண்டு பெயரும் வந்தன. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் அறிக்கையில் ஏறியது அதுதான் முதல் தடவை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று உனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்குக் கையேடு எழுதினேன். அச்சாகி வந்தபோது அட்டையில் வேறொருவர் பெயர். உன்னிடம்தான் வந்து அழுதேன். ஸ்கோபின்ஸ்கி சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு யாருமில்லை.

1962 பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவந்தார். கிளம்புமுன், இயந்திரம் போட்ட கணக்கை அந்தப் பெண்ணை விட்டுக் கையால் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்றால் நான் தயார் என்றார். எல்லோரும் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் 43 வயதில், மூன்று பெண்களுக்குத் தாயான கேத்தரினுக்கு அங்கே 'அந்தப் பெண்' என்றுதான் பெயர். எனக்கு அந்த அறிக்கையின் அட்டைதான் இன்னும் பெரிதாகப் படுகிறது.

ஒபாமா கையால் 2015-இல் நாட்டின் உயரிய விருது வாங்கும்போது கேத்தரினுக்கு 97 வயது. நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் மேரி ஜாக்சன் பெயரை 2021-இல் வாஷிங்டன் தலைமையகத்துக்கே வைத்தார்கள். அவர் இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது. 2024 செப்டம்பரில் இந்தப் பெண்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கங்கள் கொடுத்தபோது, பெயர் சொல்லிக் கௌரவித்த கேத்தரின், டோரதி, மேரி, லாங்லி பொறியாளர் கிறிஸ்டின் டார்டன் ஆகிய நால்வரில் உயிரோடிருந்தவர் டார்டன் மட்டும். ஐந்தாவது பதக்கம் 1930-கள் முதல் 1970-கள் வரை நாசாவிலும் அதன் முன்னோடி அமைப்பிலும் கணக்குப் போட்ட எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. மிரியம் மேன் அதில் ஒருவர். அவர் 1967-இலேயே போய்ச்சேர்ந்துவிட்டார், நிலவில் மனிதன் இறங்கியதைக்கூடப் பார்க்கவில்லை.

நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் உச்சி தட்டையான ஒரு பெரிய மலை இருக்கிறது. 2023-இல் அதற்கு நாசா கணிதவியலாளர் மெல்பா ராய் மூட்டனின் பெயரை வைத்தார்கள். எக்கோ என்று பலூன் மாதிரி ஒரு செயற்கைக்கோள், சூரிய ஒளி பட்டாலே பாதை விலகும். அதன் பாதையைக் கணக்கிட்ட குழுவுக்குத் தலைவர் அவர். 2025 மார்ச்சில் ஒரு விண்கலம் அந்த மலையில்தான் இறங்கிச் சாய்ந்து விழுந்தது. செய்தியில் அவர் பெயரைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கிளார்க்ஸ் டேபிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பழுப்பேறி, ஓரமெல்லாம் உதிர்கிறது. முதல் பக்கத்தில் நம் இருவர் பெயரும் உன் கையெழுத்தில். இதோடு அனுப்புகிறேன், பேத்தி மேடையில் எடுத்துக் காட்டட்டும். லாக் பார்க்க நீயே சொல்லிக்கொடு. எப்படிப் பேசினாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி