அப்பாவுக்குப் புத்தகம் வாங்குமுன்

கல்லிடைக்குறிச்சி

ஐயா செல்வம்,

அப்பாவுக்கு எழுபது நிறைகிறது, யுத்த சரித்திரம் ஏதாவது வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் பேச முடியாது. காது மந்தமானதிலிருந்து எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். புரை எடுத்த பிறகும் பொடி எழுத்து ஓடவில்லை. வரைபடம் கட்டாயம் வேண்டும். போன வாரம் திண்ணையில் படத்தை விரித்து, புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, பால்காரருக்குப் பஞ்சாலங்குறிச்சிச் சண்டையை நடத்திக் காட்டினார்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பின ஊமைத்துரை, இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாளில் எழுப்பினானாம். மண் கோட்டைதான், 1801 மே வரை கும்பினிப் பட்டாளம் உள்ளே நுழைய முடியவில்லையாம். பால் திரிந்ததுதான் மிச்சம்.

தளபதிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதினது வேண்டாம். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இவரு அன்னைக்கு எங்க இருந்தாருன்னு எனக்குல்ல தெரியும்" என்று மூடிவிடுவார்கள். 1965 பாகிஸ்தான் யுத்தம் என்றால் வாங்கு. பஞ்சாபில் அசல் உத்தரில் நம்மவர்கள் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைச் சேற்றில் இறக்கினதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. வயக்காட்டுக்காரன் புத்தி என்று சிரிப்பார்கள்.

இலங்கை வேண்டாம். எழுத்துப் பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இரண்டு வருஷமாகக் கோயில் கொடைக்கும் நீ வரவில்லை. நாகு கல்யாணத்தில் நடந்ததை நாங்கள் மறந்தாயிற்று, நீயும் விடு. உன் சம்பளத்தைச் சொல்லி அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். வீட்டுக்குள் வந்ததும், "ஏளா, அவன் நம்பரை மாத்திட்டானோ?" என்கிறார்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அனுப்பின புத்தகம் அப்பா கைக்குப் போகவே இல்லை. பார்சல் வந்தபோது அவர்கள் வயலில். அட்டையில் யாழ்ப்பாணம் என்று பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து அமைதிப்படையோடு கப்பலில் திரும்பி வந்து, ஒரு மாதம் தாழ்வாரத்தில்தான் படுத்தார்கள். அப்போது நீ கைக்குழந்தை. ஒரே ஒரு ராத்திரி, "அங்க எல்லாரும் தமிழ்லதாளா அழுதாக" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நான் புத்தகத்தை மச்சில் பித்தளை அண்டாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

நீ கேட்டபோது, "படிச்சிக்கிட்டு இருக்காக" என்றேன். இங்கே அப்பா, "அவனுக்கு என் நெனப்பே இல்ல" என்றார்கள். நான் அரிசி களைந்துகொண்டு நின்றேன், வாய் திறக்கவில்லை. புத்தகத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். அதற்கப்புறம்தான் உன் போன் குறைந்தது. நாகு கல்யாணம் ஒரு சாக்கு, எனக்குத் தெரியும்.

நேற்று அண்டாவைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் உன் கையெழுத்து: "அப்பா, இந்தப் படத்தில் நீங்க இருந்த இடத்தைக் காட்டுங்க." அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கலாம், அட்டையோடு நின்றுவிட்டேன்.

கொடுக்கட்டுமா, நீ வந்து கொடுக்கிறாயா? என்னால் தனியாக முடியாது. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸுக்கு இப்போதே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும்.

அம்மா