சேம்பரில் தோட்டா இருப்பதைத் துப்பாக்கியே சொல்லட்டும்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஸ்டர்ம் ரூகர், க்ளாக், ஸிக் ஸாவர், ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி உள்ளிட்ட கைத்துப்பாக்கி நிறுவனங்களை நடத்துவோருக்கும், அத்தொழிலின் கூட்டமைப்பான நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷனின் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

கலிபோர்னியா மாநிலத்தின் கைத்துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளுக்கு உங்கள் தொழில் கடந்த கால் நூற்றாண்டில் அளித்த பதில்களைத் தொடர்ந்து படித்துவந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த விதிகள் அனைத்தும் சரியென்று வாதாட நான் வரவில்லை. சிலவற்றை நானே ஏற்கவில்லை. ஆனால் அவற்றில் இரண்டு, வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் பிஸ்டலால் பிள்ளைகள் சாவதைத் தடுக்கக்கூடியவை. சட்டம் கேட்கும் இடத்தில் மட்டும், அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டும் அவ்விரண்டையும் பொருத்துவது என்ற நிலையை நீங்கள் கைவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இம்மாநிலத்தில் குடியேறி, போலீஸ்காரரின் இடுப்பில் தவிர வேறெங்கும் கைத்துப்பாக்கியைப் பார்த்திராத, ஆனால் தங்கள் பிள்ளைகளை நண்பர்களின் வீடுகளுக்கு விளையாட அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை விளக்கிச் சொல்கிறேன். பிஸ்டலின் பிடியருகே உள்ள பொத்தானை அழுத்தினால், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் உறையான மேகசின் கையோடு கழன்று வந்துவிடும். தோட்டாக்கள் மொத்தமும் அதனோடு வெளியே வந்துவிட்டதாகவே விவரமறியாத எவருக்கும் தோன்றும். முன்பே ஒருமுறை, துப்பாக்கியின் மேற்புறத்தில் நகரும் ஸ்லைடை இழுத்து விட்டிருந்தாலோ, குழலின் பின்முனையில் உள்ள அறையான சேம்பருக்குள் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்தால் அது வெடிக்கும். கலிபோர்னியா கேட்டவற்றுள் ஒன்று, சேம்பரில் தோட்டா இருப்பதை, கையேட்டைப் புரட்டாமல் பார்த்த மாத்திரத்தில் புரியும்படி, எழுத்தாலோ படத்தாலோ காட்டும் அடையாளம். மற்றொன்று, மேகசின் இல்லாதபோது சுட முடியாமல் செய்யும் பூட்டு.

1994-இல் பெர்க்லி நகரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் நண்பனின் வீட்டில் இறந்தான். அந்த நண்பன் தன் தந்தையின் பெரட்டா பிஸ்டலிலிருந்து தோட்டா நிறைந்த மேகசினைக் கழற்றிவிட்டு, வெற்று மேகசினைச் செருகி, துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பி விசையை இழுத்தான். சேம்பரில் ஒரு தோட்டா இருந்தது. அதைக் காட்ட அந்த பிஸ்டலில் ஓர் அடையாளமும் இருந்தது: தோட்டாவை இழுத்தெறியும் கொக்கி சற்றே வெளித்தள்ளி, தன்மேல் உள்ள சிறு சிவப்பைக் காட்டும். அதன் பொருள் தெரிந்தவருக்குத்தான் அது அடையாளம். பெற்றோர் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, இறுதியில் பெரட்டாவுக்குச் சாதகமாக முடிந்தது. சட்டப்படி நிறுவனம் பொறுப்பாளி அல்ல என்ற தீர்ப்பு, அந்த வடிவமைப்பு போதுமானது என்ற சான்றிதழாகிவிடாது. பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும் என்ற நிபந்தனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு சிவப்புப் புள்ளிதான் நினைவுக்கு வருகிறது.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999-இல் இயற்றப்பட்ட ‘பாதுகாப்பற்ற கைத்துப்பாக்கிச் சட்டம்’ 2001-இல் நடைமுறைக்கு வந்தது. கான்கிரீட் தளத்தில் விழச்செய்யும் சோதனையிலும் 600 தோட்டாக்களைச் சுடும் சோதனையிலும் தேறிய மாதிரிகளே மாநிலப் பட்டியலில் இடம்பெற்று, பொதுமக்களுக்கு விற்கப்படலாம் என்றானது. மேற்சொன்ன இரண்டு அம்சங்களும் 2007 முதல் புதிய அரைத் தானியங்கி (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) மாதிரிகளுக்குக் கட்டாயமாயின. அதே ஆண்டு ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் மூன்றாவது நிபந்தனைக்கும் கையெழுத்திட்டார்: சுடும்போது பிஸ்டலின் தயாரிப்பு நிறுவனம், மாதிரி, வரிசை எண் ஆகியவை தோட்டா உறையில் பதிய வேண்டும் என்ற நுண்முத்திரை விதி. 2013 மே மாதம் அது செயலுக்கு வந்தது. 2014 ஜனவரியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரூகரும் நுண்முத்திரையைச் சேர்க்கப் போவதில்லை என்றும், தங்கள் பிஸ்டல்கள் பட்டியலிலிருந்து விழுந்தால் விழட்டும் என்றும் அறிவித்தன. உங்கள் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. செய்ய இயலாது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சட்டத்தைச் செல்லாததாக்க முடியாது என்று 2018-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது.

நுண்முத்திரையில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. நான் ஓர் இயந்திரப் பொறியாளன். சுடும் ஊசியின் முனையில் பொறித்த எழுத்து தேயும் என்பதும், அந்த ஊசியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது கடினமல்ல என்பதும் எனக்குத் தெரியும். முழு அளவிலான உற்பத்தியில் எவரும் செய்துகாட்டாத ஒன்றை, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிய வேண்டும் என்று எழுதியது சட்டமியற்றியவர்களின் அவசரம். பட்டியலுக்கு வெளியே உள்ள பிஸ்டல்களைப் போலீசார் வாங்கலாம், மற்றவர் வாங்கக் கூடாது என்பதும் விளக்கம் கேட்கவேண்டிய ஏற்பாடுதான்.

ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் வேறொன்று நடந்தது. நுண்முத்திரையை மறுத்ததால் பத்தாண்டுகள் எந்தப் புதிய அரைத் தானியங்கி மாதிரியும் பட்டியலுக்கு வரவில்லை. முன்பே பட்டியலில் இருந்தவை பழைய விதிகளின்படியே விற்பனையாயின. உலகம் ஐந்தாம் தலைமுறை க்ளாக்கை வாங்கியபோது, இங்கே கடைகளில் மூன்றாம் தலைமுறைதான் கிடைத்தது. 2023 மார்ச்சில் நீதிபதி கோர்மாக் கார்னி இந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது, பட்டியலில் இருந்த ஏறத்தாழ 800 கைத்துப்பாக்கிகளில் 32 மட்டுமே இரண்டு அம்சங்களையும் கொண்டிருந்தன. பாதுகாப்புக்கென்று எழுதிய சட்டம், அந்தப் பாதுகாப்பு இல்லாத பிஸ்டல்களையே பெரும்பாலும் விற்கும் சந்தையாக முடிந்ததில் மாநிலத்துக்குப் பங்குண்டு. சந்தையை விட்டு விலகுவதைப் பதிலாகத் தேர்ந்த உங்களுக்கும் பங்குண்டு.

இந்த இரண்டு அம்சங்களும் இயலாதவை என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். மேகசின் இல்லாமல் சுடாத பூட்டு, 1935-இல் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வெளியிட்ட பிரவுனிங் ஹை பவரிலேயே இருந்தது; 1950-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 39-இலும் இருந்தது. ரூகரின் எஸ்ஆர்9-இல் ஸ்லைடின் மேற்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு: சேம்பரில் தோட்டா இருந்தால் அது உயர்ந்து நிற்கும், பக்கங்களில் சிவப்பு தெரியும், ‘உயர்ந்திருந்தால் தோட்டா உண்டு’ என்ற பொருளில் வாசகமும் பொறித்திருக்கும். இருட்டில் விரலால் தடவியும் அதை அறியலாம். நல்ல வேலைப்பாடு அது. 2023-இல் நுண்முத்திரை விதிக்கு நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து மாநிலம் மேல்முறையீடு செய்யாமல், இவ்விரண்டு அம்சங்களை மட்டும் தக்கவைத்துக்கொண்டபோது, ஸிக் ஸாவரின் பி365, ஸ்பிரிங்ஃபீல்டின் ஹெல்கேட் போன்றவை அவ்விரண்டோடும் கலிபோர்னியாவுக்கென்றே தயாராகிப் பட்டியலில் ஏறின. அப்படியென்றால் நெவாடாவிலும் அரிசோனாவிலும் உள்ள வீடுகளுக்கு மட்டும் அவை ஏன் வேண்டாம்?

உங்கள் தயக்கத்துக்கு வேரான அச்சத்தை நான் அறிவேன். 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கிளின்டன் அரசோடு பாதுகாப்பு உடன்பாட்டில் தனியாகக் கையெழுத்திட்டது. அதன் வாடிக்கையாளர்களே அதைப் புறக்கணித்தார்கள். 1987-இல் 11 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய அந்நிறுவனத்தை, பிரிட்டனின் டாம்கின்ஸ் 2001-இல் 1.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அந்தப் பாடத்தை உங்கள் தொழில் மறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நேர்மாறான முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்பது என் கருத்து. தனியாக முன்வந்தவர் தண்டிக்கப்பட்டார் என்றால், எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே நிபந்தனை விதிக்கும் சட்டம் உங்களுக்குக் கேடயம் அல்லவா? போட்டியாளர்கள் அனைவரும் அதே பூட்டோடு விற்கும்போது எந்த வாடிக்கையாளர் எவரைப் புறக்கணிப்பார்? அந்தக் கேடயத்தை நீதிமன்றத்தில் உடைக்க இத்தனை ஆண்டுகள் செலவிட்டிருக்கிறீர்கள்.

மேகசினை மாற்றும் நொடியில் தாக்கப்பட்டால் சுட முடியாது என்று சொல்வோர் உண்டு. ரோந்துப் போலீசாருக்கு அது பொருந்தலாம். அவர்களுக்குப் பூட்டில்லாத வடிவத்தை விற்க எவரும் தடை சொல்லவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது, பூட்டி வை என்ற பயிற்சி விதியே போதும் என்போரும் உண்டு. அருமையான விதி, ஆனால் பயிற்சி பெற்றவருக்கே அது தெரியும். இழுப்பறையைத் திறக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

இந்த நாட்டில் பொம்மைக்கும் சைக்கிளுக்கும் தரம் விதிக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியைத் தொட அதிகாரமில்லை. 1970-களிலேயே நாடாளுமன்றம் அதை விலக்கி வைத்தது. உங்கள் துப்பாக்கிகள் குற்றங்களில் பயன்படுவதையொட்டிய பெரும்பாலான வழக்குகளிலிருந்து 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களைக் காக்கிறது. மத்திய அரசு கேட்காது, நீதிமன்றத்திலும் பெரும்பாலும் கேட்க முடியாது என்ற நிலையில் மாநிலங்கள்தான் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் விதி குறைபாடுடையது என்றால், அதைத் திருத்தும் வரைவோடு உங்கள் பொறியாளர்கள் வர வேண்டும்.

எனவே உங்களிடம் இரண்டைக் கேட்கிறேன். இனி நீங்கள் வடிவமைத்துப் பொதுமக்களுக்கு விற்கும் ஒவ்வொரு அரைத் தானியங்கிப் பிஸ்டலிலும், எந்த மாநிலத்தில் விற்றாலும், சேம்பர் அடையாளத்தையும் மேகசின் பூட்டையும் இயல்பான அம்சங்களாக்குங்கள். கலிபோர்னியா மாதிரிக்கு ஏற்கெனவே செய்த வார்ப்பும் வரைபடமும் உங்களிடம் உள்ளன. அடுத்ததாக, 2023-இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம் நுண்முத்திரையை 2028 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்த வழிசெய்திருப்பதால், அதற்குள் உங்கள் சொந்தச் சோதனை முடிவுகளை, எத்தனை சுற்றில் எழுத்து தேய்ந்தது, எந்த உறையில் பதியவில்லை என்ற விவரங்களோடு வெளியிடுங்கள். இயலாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வதைவிட, உங்கள் சோதனைக்கூடம் அளந்து சொல்வதை என்னைப் போன்றவர்கள் மதிப்போம். அளவுகள் உங்கள் பக்கம் இருந்தால், சட்டத்தை மாற்றச் சொல்லி எங்கள் பிரதிநிதிகளுக்கு நாங்களே எழுதுவோம்.

இதற்கான பதிலையும் பொதுவில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கலிபோர்னியாவில் வசிக்கும் ஓர் இயந்திரப் பொறியாளன்