முட்டை வளர்ச்சி ஸ்கேன் தினமும் எடுக்க ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மலையடிவார ஊராட்சிகளின் மகளிர் சுய உதவிக் குழுவினர் மற்றும் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: குழந்தைப்பேறு சிகிச்சை – தாலுகா மருத்துவமனையில் ஞாயிறு உட்பட எல்லா நாளும் முட்டை வளர்ச்சி ஸ்கேன் எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த முந்தைய மனுக்கள்.

அம்மா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அத்தோடு சரி. ஆகவே மீண்டும் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

எங்கள் ஊர்ப் பாதை தாங்கள் அறியாததல்ல. தரைப்பாலம் மூழ்கியபோது நேரில் வந்து பார்த்தீர்கள். முதல் பேருந்து அந்தப் பாலம் தாண்டி, ரயில்வே கேட்டில் நின்று, பேருந்து நிலையம் சேர மணி ஒன்பதாகும். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டோக்கன் எட்டரைக்கே தீர்ந்துவிடுகிறது.

1. கருத்தரிக்காத பெண்களுக்கு மாதவிலக்கான மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், முட்டை வளர உதவும் லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரை தருகிறார்கள். ஒன்பது, பத்தாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் உள்வழி (பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்) ஸ்கேன் பார்க்க வேண்டும். முட்டை வளரும் சிறு பையான முட்டைப்பை நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளரும். 18 மி.மீ. தொட்டதும் முட்டையை வெளியேற்றும் எச்.சி.ஜி. ஊசி போட வேண்டும். ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். வெளியே வந்த முட்டை ஒருநாளுக்கு மேல் தாங்காது. கணவரின் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்வதும் அந்த நேரத்தை ஒட்டித்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேன் செவ்வாய், வெள்ளி மட்டும். வெள்ளியன்று 14 மி.மீ. இருந்தால் ஞாயிறன்று 18 ஆகிவிடும். ஞாயிறு ஸ்கேன் அறை பூட்டு. செவ்வாய் போனால், “வெடிச்சிருச்சும்மா, அடுத்த மாசம் வாங்க” என்கிறார்கள். அடுத்த மாதம் மட்டும் மாதவிலக்கு கிழமை பார்த்தா வரும்? விழுங்கிய மாத்திரையும் விட்ட நூறு நாள் வேலைக் கூலியும் வீண். வீட்டில் கேட்கும் பேச்சு அவள் தலையில்.

ஸ்கேன் இல்லாததால் முட்டையை வளர்க்கும் எச்.எம்.ஜி. ஊசி மருந்தும் இல்லை. அந்த ஊசி போட்டுவிட்டு ஸ்கேன் பார்க்காமல் விட்டால் பல முட்டைகள் ஒரே சமயத்தில் வளர்ந்து, சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் மறுப்பது நியாயம். ஸ்கேனைக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம் அம்மா?

2. தாலுகா மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் இருக்கிறது. சட்டப்படியான பதிவும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் புரோப் (ஸ்கேன் கருவியின் கைப்பிடி) மட்டும் உள்ளது. உள்வழி புரோப் ஒன்று, அதற்கான உறை, ஜெல் வாங்கித் தந்து, மகப்பேறு டாக்டர்களுக்கு முறை வைத்தால் போதும். ஒருவருக்குப் பத்து நிமிட வேலை. புது மெஷினோ கட்டடமோ நாங்கள் கேட்கவில்லை.

3. புதன் காலை பத்து மணிக்கு ஐ.யு.ஐ. என்றால் எச்.சி.ஜி. ஊசி திங்கள் இரவு பத்து மணிக்கு. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நர்ஸ் இருக்கிறார். ஆனால் ‘இங்கே எழுதின சீட்டு இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு சுற்றறிக்கையில் தீரும் காரியம் இது.

4. விந்தணுப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பேருந்திலேயே அந்த நேரம் போய்விடும். ஆஸ்பத்திரியிலோ தாழ்ப்பாள் இல்லாத பொதுக் கழிப்பறையைக் காட்டுகிறார்கள். எந்த ஆண் வருவார்? குறை அவரிடம் இருந்தாலும் மாத்திரை விழுங்குவது பெண்தான். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும்.

5. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு வீணாகும் மாதம் திரும்ப வராது.

உலகில் ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் கருத்தரிக்க முடியாத இந்தக் குறை வருவதாக உலக சுகாதார அமைப்பு 2023-இல் கூறியது. பணக்கார நாடுகளில் 17.8 சதவீதம், மற்ற நாடுகளில் 16.5. குறை எல்லோருக்கும் வருகிறது, சிகிச்சைதான் எல்லோருக்கும் வருவதில்லை. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மூன்று முறை ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) தரச் சொல்கிறது. இஸ்ரேலில் இரண்டு குழந்தைகள் வரை இந்தச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்கிறது. இங்கே சென்னை எழும்பூரில் அரசு கருத்தரிப்பு மையம் திறந்ததை மனதார வரவேற்கிறோம். அங்கே போய்ச் சேருவதற்கும் உள்ளூரில் இந்தப் பரிசோதனைகள் முடிந்தாக வேண்டுமே! அதற்கு வழியில்லாமல்தான் தனியார் மையங்களுக்காகத் தாலியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைக்கிறார்கள்.

ஸ்கேன் வேண்டும் அம்மா. தினமும் வேண்டும், ஞாயிறும் வேண்டும். இதற்கு ஆணையிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ‘அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதில் இனி வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து ஸ்கேன் எடுப்பார்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் குழுவினர், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)