எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் நகரின் கறுப்பின மக்களுக்காக 1891இல் உருவான இந்தத் தோட்டத்தின் கதையை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்புக்கென்று நிரந்தர நிதி எதுவும் தொடக்கத்திலேயே வைக்கப்படாததும், ஏறத்தாழ 60 ஏக்கர் நிலம் காடாகிப் போனதும், 2017இல் அதை வாங்கிய அறக்கட்டளை 2022இல் கலைந்துபோனதும் தாங்கள் அறிந்தவையே. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே கண்ட காட்சிதான் என்னை எழுத வைத்தது.

ஊன்றுகோலுடன் வந்திருந்த ஒரு மூதாட்டி தம் தாயின் கல்லறையைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லறை எண் எழுதிய, மடிப்புகளில் கிழிந்துபோன தாள் ஒன்று அவர் கையில் இருந்தது. அந்த எண்ணுக்குரிய அடையாளம்தான் தரையில் எங்குமே இல்லை. முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்த ஐவிக் கொடியை ஒரு மணி நேரம் இழுத்துப் போட்டதில் மூன்று கற்கள் வெளிப்பட்டன. ஒன்றில் எழுத்து மழுங்கியிருந்தது; மற்ற இரண்டும் வேறு குடும்பத்தாருடையவை. மண் உள்வாங்கிய குழி ஒன்றில் கால் இடறியதும், போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கொண்டுவந்த பூங்கொத்தைத் திரும்பவும் காரிலேயே எடுத்துச் சென்றார்.

இத்தோட்டத்துக்கு நிரந்தரப் பராமரிப்பு நிதி வேண்டும் என்பதே என் கோரிக்கை. தன்னார்வலர்கள் விடுமுறை நாளில் வெட்டும் கொடி அடுத்த கோடையில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது.

1903இல் வங்கி தொடங்கிய கறுப்பினப் பெண்மணி மேகி வாக்கர் உறங்குவதும், ‘ரிச்மண்ட் பிளானட்’ இதழின் ஆசிரியராக இருந்து கறுப்பினத்தவரைக் கொன்ற கொலைவெறிக் கும்பல்களுக்கு எதிராக எழுதிய ஜான் மிட்செல் உறங்குவதும் இங்கேதான். மிட்செலின் கல்லறை பல பத்தாண்டுகள் பெயர்க்கல் இல்லாமலே கிடந்தது. ஆனால், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையினரின் கல்லறைகளைப் பேண வர்ஜீனியா மாநிலம் கடந்த நூற்றாண்டு முழுவதும் பணம் கொடுத்து வந்தது. கறுப்பினத்தவரின் கல்லறைகள் அதன் கண்ணில் பட்டது 2017இல்தான். அப்போதும் கல்லறை ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்தத் தொகைக்கு ஐவிக் கொடி எத்தனை அடி பின்வாங்கும் என்பதையும் சட்டத்திலேயே எழுதியிருக்கலாம். தலைவர்கள் வந்து மலர்வளையம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் மூலை மட்டும் எப்போதும் துப்புரவாகவே இருக்கிறது.

கசப்பில் சற்று எல்லை மீறிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். நிரந்தரப் பராமரிப்பு நிதியை ஏற்படுத்துங்கள் என்று மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதிலிருந்து முதற்செலவாக, யாருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரித்து நுழைவாயிலில் வைக்க வேண்டும்.

அந்த மூதாட்டி அன்னையர் தினத்தன்று மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நிதிக்கு நாளாகும் என்றால், அதற்குள் அவர் தேடிய பகுதியின் கொடியையாவது அகற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ரிச்மண்ட் வாசி ஒருவன்