ஞாயிற்றுக்கிழமையில் வரும் இருபத்தெட்டு

டிராய், மிச்சிகன்
28 டிசம்பர் 2024

அன்பு மக்கா,

உன் கடிதம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கையில் கிடைத்தது. முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஹாஸ்டல் கபடி டீமில் உன்னைப் பிடிக்க நாலு பேர் வேண்டும். இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. டாக்டர் சொல்கிற பயிற்சியை ஏமாற்றாமல் செய்.

"உங்க ஊர் புட்பாலில் காலுக்கு வேலையே இல்லையே, அதை நாலு மணி நேரம் எப்படிலே பாக்கே?" என்று கேட்டிருந்தாய். இங்கே வந்த புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். கபடிக்காரனுக்கு இந்த அமெரிக்கன் புட்பாலைப் புரியவைப்பது சுலபம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து கையில் இருப்பவர்களுக்கு நாலு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிரிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். மூச்சுப் பிடித்துப் பாடத் தேவையில்லை. மற்றபடி எல்லாம் நம் ஆட்டம்தான், மண் பிடிக்கிற சண்டை.

இன்றைக்கு என்று உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. டிசம்பர் 28 இந்த ஆட்டத்தின் சரித்திரத்தில் ஒரு விசேஷமான தேதி. 1947, 1952, 1958, 1975, 2008, இந்த ஐந்து வருஷத்திலும் இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது, ஒவ்வொரு முறையும் ஏதாவது நடந்தது. ஜாதகம் பார்க்கிற உன் மாமாவிடம் சொன்னால் அரை மணி நேரம் விளக்கம் தருவார். எனக்குத் தெரிந்த விளக்கம் சாதாரணமானது. அந்தக் காலத்தில் சீசனே பன்னிரண்டு ஆட்டம்தான், அதனால் சாம்பியன்ஷிப் டிசம்பர் கடைசியில் வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி என்று இழுப்பதெல்லாம் பின்னால் வந்த வழக்கம்.

1947 ஆட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் தரை கல்லாக உறைந்து கிடந்தது. சிகாகோ கார்டினல்ஸ் ஆட்கள் கூடைப்பந்து ஷூ போட்டுக்கொண்டு இறங்கி, ஃபிலடெல்ஃபியாவை 28-21 என்று ஜெயித்தார்கள். அந்த அணி பிறகு செயின்ட் லூயிஸுக்குப் போய், அங்கிருந்து அரிசோனா பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உறைபனியில் வாங்கிய அந்தப் பட்டத்துக்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

1952தான் எங்கள் ஊர் கதை. டெட்ராய்ட் லயன்ஸ் கிளீவ்லாண்டுக்கே போய், அவர்கள் மைதானத்தில் அவர்களை 17-7 என்று அடித்துப் பட்டத்தைக் கொண்டுவந்த நாள். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், பாபி லேன். குடி, கூத்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் ஆட்டம் என்று பேர் வாங்கின ஆள். கூட ஆடியவர் டோக் வாக்கர், அதற்கு நேர் எதிர், சாது. இரண்டு பேரும் டல்லாஸில் ஒரே பள்ளிக்கூட அணியில் ஆடியவர்கள். கல்லூரியில் பிரிந்து, டெட்ராய்ட்டில் மறுபடி ஒரே ஜெர்சியில் சேர்ந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை லேன் ஒரு டச்டவுன், வாக்கர் 67 கெஜம் ஓடி ஒரு டச்டவுன். அதைப் படிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். நம்மில் லேன் யார், வாக்கர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. உன் வீட்டம்மாவும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள்.

லயன்ஸ் 1953-லும் 1957-லும் பட்டம் வாங்கியது. 1958 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே லேனை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபத்தோடு கிளம்பிய லேன், இன்னும் ஐம்பது வருஷத்துக்கு டெட்ராய்ட் ஜெயிக்காது என்று சாபம் விட்டதாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொன்னாரா என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கண்ணகி மதுரையை எரித்ததற்குக்கூட நாம் சாட்சி கேட்டதில்லையே. 1958-ஓடு ஐம்பதைக் கூட்டிப் பார், பிறகு அந்த இடத்துக்கு வருகிறேன்.

அதே 1958-இல் டிசம்பர் 28. நியூயார்க், யாங்கி ஸ்டேடியம், அறுபத்தி நாலாயிரம் பேர். பால்டிமோர் கோல்ட்ஸுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் சாம்பியன்ஷிப். இன்றுவரை இதை 'உலகத்திலேயே சிறந்த ஆட்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தால் அவ்வளவு இல்லை, பந்தை நழுவவிட்டது கொள்ளை. ஆனால் அந்தக் கடைசி அரைமணி!

கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸ். மூன்று வருஷம் முன்னால் இதே பிட்ஸ்பர்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு ஆட்டத்தில்கூட இறக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கட்டட வேலைக்குப் போய்க்கொண்டு, சில்லறைக் காசுக்கு உள்ளூர்க் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவர். (யுனைடஸை விரட்டிவிட்டு, வயதான லேனை வாங்கிய ஊர். பிட்ஸ்பர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்னும் முகம் சுருங்கும்.) ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னால் இருந்தது, நேரம் முடியப்போகிறது. இன்னும் கொஞ்சம் முன்னேறினால் பந்து அவர்களிடமே தங்கிவிடும், ஆட்டம் முடிந்தது. ஃபிராங்க் கிஃப்போர்டு பந்தோடு பாய்ந்தார், பிடித்து அமுக்கினார்கள். அந்தக் குவியலில் கோல்ட்ஸின் ஜீனோ மார்க்கெட்டி கணுக்காலை முறித்துக்கொண்டார். நடுவர் அளந்தார், கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டார் என்றார். கோட்டைத் தொட்டேன் என்று கிஃப்போர்டு சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாடு ஏறிவந்து நடுக்கோட்டைத் தொட்டியா இல்லையா என்று நீயும் வார்டனும் மூன்று நாள் பேசாமல் இருந்தீர்களே, அதே கதை.

மார்க்கெட்டி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, உள்ளே கொண்டுபோகாதே, இங்கேயே வை, நான் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தார். மைதான ஓரத்தில் வைத்தார்கள். யுனைடஸ் தன் பக்கத்து 14-ஆம் கெஜத்திலிருந்து தொடங்கினார். ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பாஸ், 62 கெஜம். ஏழு வினாடி பாக்கி இருக்கும்போது ஸ்டீவ் மைரா உதைத்த ஃபீல்ட் கோல் 17-17 ஆக்கியது. பார், காலுக்கும் வேலை இருக்கிறது.

சாம்பியன்ஷிப்பில் அதுவரை ஓவர்டைம் நடந்ததே இல்லை. சமனில் முடிந்தால் என்ன செய்வது என்று வீரர்களில் பல பேருக்கே தெரியாது. பெட்டியைக் கட்டலாமா, நிற்கலாமா என்று முழித்தார்கள். ஓவர்டைமில் ஜயன்ட்ஸுக்கு முதல் வாய்ப்பு, வீணானது. பிறகு யுனைடஸ் 80 கெஜம், பதின்மூன்று முயற்சியில் பந்தைக் கொண்டுபோனார். நடுவில், கூட்டம் நெருக்கியதில் டிவி கேபிள் பிடுங்கிக்கொண்டு நாடு முழுக்க படம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் மைதானத்துக்குள் ஓடிவந்து போலீஸுக்குப் போக்குக் காட்டினான். ஆட்டம் நின்றது, கேபிளைச் செருகினார்கள். அந்த ஆள் டிவிக்காரர்களின் ஆள்தான் என்று பின்னால் பேச்சு. கடைசியில் ஆலன் அமீச்சி ஒரு கெஜம் முட்டி நுழைந்தார், 23-17. கூட்டம் மிதித்துவிடும் என்று மார்க்கெட்டியை அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் பாவம். கத்தலை வைத்துத்தான் அவர் ஜெயித்ததைத் தெரிந்துகொண்டார்.

டிவியில் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் லமார் ஹன்ட், டெக்சஸ் எண்ணெய்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை. பேஸ்பாலில் பணம் போடுவதா இதில் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், அன்று முடிவு செய்தார். இந்த ஆட்டத்தை நடத்துகிற என்.எஃப்.எல். சங்கத்தில் அணி கேட்டார், கொடுக்கவில்லை. 1959-இல் தானே ஒரு போட்டிச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு சங்கமும் மோதி, பிறகு கைகுலுக்கியதில் வந்ததுதான் வருஷத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். அந்தக் கேபிளைச் செருகாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

1975 உனக்காகவே நடந்தது. மினசோட்டா வைக்கிங்ஸ் 14-10 என்று டல்லாஸை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள், அரை நிமிஷம்தான் பாக்கி. டல்லாஸ் குவார்ட்டர்பேக் ராஜர் ஸ்டாபக் ஐம்பது கெஜத்துக்கு ஒரே வீச்சாக வீசினார். ட்ரூ பியர்சனைக் காவல் காத்தவன் கீழே விழுந்தான், பியர்சன் பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். 17-14. தள்ளிவிட்டுப் பிடித்தான் என்று மினசோட்டாக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். கூட்டத்திலிருந்து பறந்துவந்த விஸ்கி பாட்டில் ஒரு நடுவரின் மண்டையைப் பிளந்தது. எப்படி வீசினீர்கள் என்று நிருபர்கள் கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன் என்றாராம் ஸ்டாபக். நம் ஆள், கத்தோலிக்கர். அன்றிலிருந்து கடைசி வினாடியில் குருட்டாம்போக்கில் வீசுகிற எல்லாப் பந்துக்கும் அந்த ஜெபத்தின் பேர்தான். பரீட்சைக்கு முன்னால் நீ சொல்வாயே, அதே ஜெபம். உனக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை.

ஆனால் அந்த நாளில் ஒரு துக்கமும் உண்டு. மினசோட்டாவின் குவார்ட்டர்பேக் ஃபிரான் டார்கென்டனின் அப்பா, ஒரு பாஸ்டர், ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். ஆட்டம் முடிந்த பிறகுதான் மகனுக்குத் தெரிந்தது. அவர் அப்பாவின் பேர் டல்லாஸ்.

சரி, ஐம்பதைக் கூட்டினாயா? 2008.

அந்த வருஷம் நான் உனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை, நீ கோபித்துக்கொண்டாய். இப்போது சொல்கிறேன். கார் கம்பெனிகள் எல்லாம் படுத்துக்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் அரசாங்கம் 17.4 பில்லியன் டாலர் கடன் கொடுப்பதாக டிசம்பர் 19 அன்று அறிவித்தது. நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது அட்டைப்பெட்டியில் சாமானை எடுத்துக்கொண்டு போவார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நானும் என் வீட்டுக்காரியும் ராத்திரிகளில் கணக்குப் போட்டோம். உனக்கு எதை எழுத?

லயன்ஸ் சும்மா ஆடிப் பார்க்கிற முன்சீசன் ஆட்டம் நாலையும் ஜெயித்தார்கள். நிஜ சீசன் தொடங்கியது, ஒன்று தோற்றது, இரண்டு தோற்றது, நிற்கவே இல்லை. அக்டோபரில் மினசோட்டாவோடு ஆடும்போது எங்கள் குவார்ட்டர்பேக் டான் ஓர்லாவ்ஸ்கி பந்தை வைத்துக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கி, தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல். கபடியில் கோட்டை மிதித்தவன் கணக்கு. எதிரிக்கு இரண்டு பாயின்ட். ஆட்டம் 12-10, தோற்றது அந்த இரண்டு பாயின்டில். இத்தனைக்கும் கால்வின் ஜான்சன் என்ற பையன் அதே அணியில் ஆயிரத்து முந்நூறு கெஜத்துக்குமேல் பிடித்தான். மூழ்குகிற கப்பலில் ஒருவன் மட்டும் அழகாக வயலின் வாசித்த மாதிரி.

பதினைந்து தோல்விக்குப் பிறகு டிசம்பர் 28. கிரீன் பே மைதானம், 1991-க்குப் பிறகு லயன்ஸ் அங்கே ஜெயித்ததே இல்லை. எங்கள் பழைய ஃபோர்மன் வீட்டில் பார்த்தேன். 1952-இல் அவருக்குப் பத்து வயது. பட்டம் வந்த அன்று அவர் அப்பா தெருவில் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததைச் சொல்வார். 31-21, தோல்வி. பதினாறுக்குப் பூஜ்யம், இந்தச் சங்கத்தில் யாருமே அதுவரை செய்யாதது. மறுநாள் கோச்சை அனுப்பிவிட்டார்கள். ஃபோர்மன் டிவியை அணைத்துவிட்டு, "அம்பது வருஷம் முடிஞ்சுது, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லி எனக்கு சூப் ஊற்றினார். அடுத்த வருஷம் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். நான் ஊருக்குத் திரும்பாததற்கு அந்த சூப்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்கடனும் இருந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் நான் 'அவங்க' என்று சொல்வதை விட்டு 'நாம' என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள்தான் கவனித்துச் சொன்னாள்.

சீசன் முடிந்து பட்டத்துக்காக ஆடுகிற பிளே-ஆஃபில் மறுபடி ஒரு ஆட்டம் ஜெயிக்க 2024 ஜனவரி ஆனது, 32 வருஷத்துக்குப் பிறகு. ஃபோர்மன் அதைப் பார்க்க இல்லை. அதே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்துவிட்டு 34-31 என்று தோற்றோம். சூப்பர் பௌல் வாசலை இன்னும் நாம மிதிக்கவில்லை. இந்த வருஷம் 13 வெற்றி, 2 தோல்வி. ஊரே நீலத் தொப்பி போட்டுக்கொண்டு அலைகிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தோற்றே பழகியவனுக்கு இது ஒரு புது வியாதி.

நாளை மறுநாள் திங்கள் ராத்திரி மறுபடி அதே சான் ஃபிரான்சிஸ்கோ. உனக்குச் செவ்வாய் காலை ஆறே முக்கால், பயிற்சி முடித்து காபி குடிக்கிற நேரம். ஜெயித்தால் நான் போன் பண்ணுகிறேன். தோற்றால் நீ பண்ணு.

உன்,
பதினாலாம் நம்பர் ரூம்காரன்