ஆண்டறிக்கை 2025–26: ட்வின் பீக்ஸ் மறுபார்வை ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், இந்த மழையிலும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சென்ற பிப்ரவரியிலிருந்து இந்தப் பிப்ரவரி வரை நம் சங்கம் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இரங்கல். திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2025 ஜனவரியில், தன் 79ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது காலமானார். சென்ற பொதுக்குழுவில் எழுந்து நின்று மௌனம் காத்தோம். முடிந்ததும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "நின்னது போதும், உட்கார்ந்து அவர் எடுத்ததைப் பார்ப்போம்" என்றார். இந்த ஆண்டின் வேலை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியதுதான். லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் கொலையில் தொடங்கும் லிஞ்சின் ட்வின் பீக்ஸ் தொடரை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒன்றும் விடாமல் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது என்று அன்றே தீர்மானம் போட்டோம்.

1990–91இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தவை, பைலட் என்னும் முதல் எபிசோடையும் சேர்த்து 30. லிஞ்சும், அவரோடு தொடரை உருவாக்கிய மார்க் ஃப்ராஸ்டும் 26 ஆண்டுகள் கழித்து 2017இல் ஷோடைம் சேனலுக்காகச் செய்த த ரிடர்ன், 18 பாகங்கள். நடுவே 1992இல் வந்த ஃபயர் வாக் வித் மீ என்ற திரைப்படம். அதில் வெட்டப்பட்டு 2014இல் வெளியான காட்சிகள். எல்லாவற்றையும் 49 கூட்டங்களில் பார்த்து முடித்தோம். கடைசி இரண்டு பாகங்களை மட்டும், ஒளிபரப்பானது போலவே, ஒரே இரவில் பார்த்தோம்.

பிப்ரவரி 24இல் தொடங்கியதற்குக் காரணம் பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். கொலையை விசாரிக்க வரும் எஃப்பிஐ அதிகாரி கூப்பர் காரை ஓட்டிக்கொண்டே டயான் என்பவருக்காக டேப்பில் பேசுகிறாரே, அவர் ஊருக்குள் நுழைகிற அந்தத் தேதி. சென்ற ஆண்டு அது திங்கட்கிழமையாக வந்தும், வேலை முடித்த கையோடு 19 பேர் வந்துவிட்டார்கள். அதன்பின் சனிக்கிழமைகளுக்கு மாறினோம். 1990இல் ஏபிசி இரண்டாம் சீசனைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளியதால் பார்வையாளர்கள் குறைந்தார்கள் என்பது வரலாறு. நமக்கோ வேறு எந்த நாளும் ஒத்துவரவில்லை.

புதிய உறுப்பினர்களில் ஐந்து பேர் தொடரைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காக ஒரே ஒரு விதி வைத்தோம்: யார் கொன்றது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. பழையவர்கள் பதினான்கு வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு இந்த அறிக்கையில் தனியாக ஒரு நன்றி.

சரி, முதல் நாளைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவரின் தாயார் அப்போது மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஆங்கிலம் அதிகம் தெரியாது. மகனோடு பேச்சுத் துணைக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார். கரையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய லாராவின் உடல். படம் எடுக்க வேண்டிய காவலர் ஆண்டி கேமராவைப் பிடிக்க முடியாமல் அழுகிறார். ஹோட்டலில் லாராவின் அப்பா லீலண்ட் கையிலிருந்து ரிசீவர் நழுவித் தொங்க, அதன் வழியாக அம்மா சாராவின் அலறல் கேட்கிறது. வகுப்பறையில் தோழி டானா காலியான நாற்காலியைப் பார்க்கிறாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாணவி கத்திக்கொண்டே ஓடுகிறாள். பள்ளி முதல்வர் ஒலிபெருக்கியில் செய்தியைச் சொல்லி முடிக்க முடியாமல் உடைந்துபோகிறார். அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "கொலைக் கதைன்னு சொன்னியேப்பா, இது இழவு வீடால்ல இருக்கு."

இத்தனை ஆண்டுகளாக நாம் எத்தனையோ துப்புகளைப் பற்றி விவாதித்திருக்கிறோம். ஆந்தை, மோதிரம், சிவப்புத் திரை, தலைகீழ்ப் பேச்சு என்று இரவெல்லாம் பேசியிருக்கிறோம். அந்த அம்மா சொன்னதை மட்டும் நம்மில் ஒருவரும் சொன்னதில்லை. பொதுவாகத் துப்பறியும் கதையில் பிணம் என்பது கதையைத் தொடங்கி வைக்கும் ஒரு பொருள். இங்கே ஒரு ஊரே உட்கார்ந்து அழுகிறது, கேமராவும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறது. ஆஞ்சலோ படலமென்டியின் லாரா பால்மர் இசையும் அப்படித்தான். இருட்டில் தொடங்கி, மெல்ல மேலே ஏறி, உச்சியில் நெஞ்சு வெடிப்பது போல நின்று, திரும்பவும் இருட்டுக்குள் இறங்கும். லிஞ்ச் பக்கத்தில் உட்கார்ந்து காட்டையும் காற்றையும் மரங்களுக்கு நடுவிலிருந்து வரும் பெண்ணையும் வாயால் சொல்லச் சொல்ல, படலமென்டி வாசித்துக்கொண்டே வந்த இசை அது. அதை ஒப்பாரி என்று சொன்னால் மிகையில்லை. ஆண்டு முழுவதும் நான் இந்த ஒரு நினைப்போடுதான் பார்த்தேன். அதனால் இந்த அறிக்கையும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைலட்டின் முடிவில் சாரா அலறும்போது பின்னாலிருக்கும் கண்ணாடியில் ஒரு முகம் தெரிவதை, கேமரா வேலை தெரிந்த நம் உறுப்பினர் நிறுத்திக் காட்டினார். அது ஃபிராங்க் சில்வா. செட்டில் மேசை நாற்காலிகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு வந்தவர். லாராவின் அறைக்குள் மாட்டிக்கொள்ளாதே என்று யாரோ அவரிடம் சொன்னது லிஞ்ச் காதில் விழுந்து, அவரைக் கட்டிலுக்குப் பின்னால் குனிய வைத்துச் சும்மா ஒரு ஷாட் எடுத்தார். பிறகு இந்தக் கண்ணாடியில் அவர் தற்செயலாகப் பதிந்தார். பாப் என்ற தீய ஆவியின் பாத்திரம் இப்படித்தான் உருவானது. லாராவாக நடித்த ஷெரில் லீயின் கதையும் கிட்டத்தட்ட இதேபோல. பிணமாகக் கிடப்பதற்காக சியாட்டில் நாடக மேடையிலிருந்து அழைக்கப்பட்டவர். மலையில் நடனமாடும் அந்த வீடியோவில் அவரைப் பார்த்த பிறகுதான் லாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேடி என்ற பாத்திரம் அவருக்காக எழுதப்பட்டது.

மே 31 அன்று பதினான்காவது எபிசோட். மேடி, பால்மர் குடும்பத்தின் வீட்டில் தாக்கப்படும் இரவு. ரோட்ஹவுஸ் மதுக்கூடத்தில் பாடகி ஜூலி க்ரூஸ் பாடிக்கொண்டிருக்கிறார். "மறுபடியும் நடக்கிறது" என்கிறார் கூப்பருக்குக் காட்சியாகத் தோன்றும் ராட்சதர். அங்கே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆனால் டானாவும் லாராவின் காதலன் பாபியும் காரணம் புரியாமல் கலங்குகிறார்கள். விளக்கைப் போட்ட பிறகும் நம் அரங்கில் யாரும் எழுந்திருக்கவில்லை. தேநீர் அப்படியே ஆறிப்போனது. ரகசியம் காக்க அந்தக் கொலைக் காட்சியை ரே வைஸ், ஃபிராங்க் சில்வா, ரிச்சர்ட் பேமர் மூவரையும் வைத்துத் தனித்தனியாக எடுத்தார்கள் என்று சொல்ல நான் குறிப்பு வைத்திருந்தேன். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் விவாதம் நடந்தது. கொலையாளியைக் காட்டியிருக்கவே கூடாது, சேனலின் நெருக்கடியால் காட்டியதுதான் தொடரைக் கொன்றது என்பது லிஞ்சே பலமுறை சொன்னது. பொன்முட்டையிடும் வாத்தைக் கொன்றுவிட்டார்கள் என்பார் அவர். நம்மில் பாதிப் பேர் அவர் பக்கம். நான் இந்த முறை அந்தப் பக்கம் இல்லை. பதினேழாவது எபிசோடைப் பாருங்கள். கொலையாளி அப்பா லீலண்ட்தான் என்று தெரிந்து, அவரும் இறந்தபின் நடக்கும் கருமாதி போன்ற ஒரு கூட்டம். எல்லோரும் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், ஊர் தன் பாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது. மகளையும் கணவனையும் இழந்த சாரா அதன்பின் கிட்டத்தட்டக் காணாமல் போகிறாள். பதில் தெரிந்ததால் தொடர் தளரவில்லை, அழுவதை நிறுத்தியதால் தளர்ந்தது என்பது என் முடிவு. இழவு வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்கள். எதிர்க்கருத்து உள்ளவர்கள் அறிக்கை முடிந்ததும் பேசலாம், நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை வருகை ஆறு பேராகக் குறைந்தது. லாராவோடு படித்த ஜேம்ஸ் பைக்கில் ஊரை விட்டுப் போய் வேறொரு வீட்டில் சிக்கிக்கொள்ளும் வாரங்கள் அவை. அந்த ஆறு பேரும் கடைசி வரை விடவில்லை.

அந்த ஜூலையில்தான் பயணமும் போனோம். கதைப்படி அந்த ஊர் கனடா எல்லைக்கு ஐந்து மைல் தெற்கே, மாநில எல்லைக்குப் பன்னிரண்டு மைல் மேற்கே. அதாவது வாஷிங்டன் மாநிலத்தின் வடகிழக்கு மூலை. படம் எடுத்ததோ நமக்கு மிக அருகில், சியாட்டிலுக்குக் கிழக்கே ஸ்நோக்வால்மியிலும் நார்த் பெண்டிலும். 268 அடி உயர அருவி, அதன் விளிம்பில், கதையில் கிரேட் நார்தர்ன் ஹோட்டலாக வரும் விடுதி. ஷெரிஃப் அலுவலகமாக வந்த பழைய மரஆலைக் கட்டடம். கொலை இரவில் உயிர் தப்பிய ரோனெட் நடந்து வந்த பாலம் இப்போது நடைபாதை. அதன்மேல் எல்லோரும் பேசாமல்தான் நடந்தோம். நார்த் பெண்டில், தொடரில் டபுள் ஆராக வரும் உணவகத்தில் காபியும் செர்ரி பையும். 2000இல் அது தீயில் கருகியது. 2015இல் படப்பிடிப்புக்காக உள்ளே பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் வழியே சை மலை தெரிகிற இடத்தில் எங்களுக்கு மேசை கிடைத்தது. எவரெட்டில் இருக்கும் பால்மர் வீட்டுக்கும் போக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அது வேறொருவர் குடியிருக்கும் வீடு என்பதால் செயற்குழு வேண்டாம் என்று முடிவு செய்தது. லாரா கிடந்த கரை, பௌல்ஸ்போ பக்கம் கியானா லாட்ஜில் இருக்கிறது. படகில் தண்ணீரைக் கடந்து போக வேண்டும் என்பதால் அது அடுத்த ஆண்டுக்கு.

செப்டம்பர் 20இல் ஃபயர் வாக் வித் மீ. 1992இல் வந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் பலர் இதைக் கடித்துக் குதறினார்கள். கூப்பரின் வேடிக்கைகளை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, தன் வீட்டுக்குள்ளேயே சிதைக்கப்படும் ஒரு பெண்ணின் கடைசி ஏழு நாட்கள் காட்டப்பட்டன. சாப்பாட்டு மேசையில் அப்பா அவள் கைவிரல் நகத்தைச் சோதிக்கும் காட்சியை இரண்டு உறுப்பினர்கள் பார்க்க முடியாமல் வெளியே போனார்கள். திரும்பி வந்து முழுவதும் பார்த்தார்கள். புகைப்படமாகவும் பிணமாகவும் மட்டுமே நாம் அறிந்திருந்த லாரா இங்கே சிரிக்கிறாள், பயப்படுகிறாள், எதிர்த்து நிற்கிறாள். ஷெரில் லீக்கு அன்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். அவருக்குக் கேட்கப்போவதில்லை, ஆனாலும் தட்டினோம்.

த ரிடர்ன் தொடங்கியபோது பழைய ஒலிபெருக்கி போதவில்லை. இந்த 18 பாகங்களுக்கும் ஒலி வடிவமைப்பில் லிஞ்ச் நேரடியாக உழைத்தார். மின்கம்பியின் ரீங்காரம்கூடப் பாத்திரம்தான். எட்டாவது பாகத்தில் 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ அணுகுண்டுச் சோதனை. கேமரா அந்தக் காளான் மேகத்துக்குள் நுழைய, ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கு இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி காணிக்கையாக்கிய இசை அலறுகிறது. பாதியில் ஒலி நின்றுபோனது. உறுப்பினர் ஒருவர் தன் வீட்டுக்கு ஓடி ஸ்பீக்கரைத் தூக்கி வந்தார். தொடக்கத்திலிருந்து மறுபடி போட்டோம். புது ஒலிபெருக்கி வாங்கியது அதனால்தான். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பதினைந்தாவது பாகம், ஜனவரி 24. கையில் மரக்கட்டையோடு திரியும் மரக்கட்டை அம்மாளாக நடித்த கேத்தரின் கூல்சன் 2015 செப்டம்பரில் காலமாவதற்குச் சில நாட்கள் முன்பு தன் காட்சிகளை நடித்துக் கொடுத்தார். நோயும் நிஜம், மூக்கில் இருக்கும் குழாயும் நிஜம். துணை ஷெரிஃப் ஹாக்குக்குத் தொலைபேசியில் விடைசொல்கிறார். மரணம் ஒரு மாற்றம்தான், முடிவு அல்ல, ஆனாலும் பயம் கொஞ்சம் இருக்கிறது என்கிறார். பிறகு ஷெரிஃப் அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் கூட்டி ஹாக் செய்தி சொல்கிறார். ஆண்டி, லூசி, பாபி தலை குனிந்து நிற்கிறார்கள். பதினேழாவது எபிசோடில் காணாமல் போன துக்கம் இங்கே திரும்பி வந்தது என்று அன்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 7இல் கடைசி இரவு. இதில் புதியவர், பழையவர் வித்தியாசம் இல்லை, யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. கூப்பர் காலத்தில் பின்னே போய் லாராவின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். கரையில் பிணம் மறைகிறது. அப்புறம் டெக்சாஸில் வேறு பெயரில் வாழும் ஒருத்தியை அந்த வீட்டு வாசலுக்கே கூட்டி வருகிறார். கதவைத் திறப்பவர் பால்மர் வீட்டுக்காரி இல்லை. இது எந்த வருடம் என்று கூப்பர் கேட்கிறார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில், சாரா "லாரா" என்று கூப்பிடுவது கேட்கிறது. பைலட்டில் பள்ளிக்கு நேரமாயிற்று என்று மகளை எழுப்ப மாடிப்படியில் நின்று கூப்பிட்டாளே, அதே குரல். ஓராண்டுக்கு முன் நாம் இதே அரங்கில் கேட்ட குரல். கூப்பரோடு வந்தவள் அலறுகிறாள், விளக்குகள் அணைகின்றன. ஊர் திரும்பிவிட்ட அந்த அம்மாவுக்கு மகன் இரவோடு இரவாகத் தொலைபேசியில் இதைச் சொன்னாராம். "அம்மாக்காரி இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காளா" என்று கேட்டாராம்.

உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டுத் தொடக்கத்தில் 23, இப்போது 27. இரண்டு பேர் வேலை மாற்றத்தால் வேறு மாநிலம் போய்விட்டார்கள். அரங்கைப் பூட்டித் திறந்தவர்களுக்கும், வாரா வாரம் நாற்காலி அடுக்கியவர்களுக்கும், பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

செயற்குழு முன்வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். வரும் ஆண்டில் மறுபடி தொடங்கும்போது பைலட்டிலிருந்து தொடங்க வேண்டாம், திரைப்படத்திலிருந்து தொடங்கலாம். கொலையாளி யார் என்ற ரகசியம் அதில் முதல் நாளே உடைந்துவிடும் என்பது தெரிந்தேதான் கேட்கிறோம். லாராவை உயிரோடு அறிந்துகொண்ட பிறகு அந்தக் கரைக்கு வருவோம். பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. ஒப்புதல் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்.